அலமாரியில் இருந்த மட்டை

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரியை அண்ணாந்து பார்ப்பார்கள். உடனே தேசிங்குராஜனைப் பற்றி விசாரிப்பார்கள். 1714-ம் வருஷம் போர்க்களத்தில் விழுந்த அந்த வாலிபனுக்கு அப்போது வயது 22 என்று நம் ஊரார் சொல்லுவது வழக்கம். உபாத்தியாயர் என்ற முறையில் நாமும் இந்தக் கதையை வகுப்பில் பல முறை சொல்லியிருக்கிறோம். இளமையில் தைரியம் வேண்டும் என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வதும் நாம்தான், மணி அடித்ததும், "விளையாடப் போகாதே, கணக்கைப் போடு!" என்று அதட்டுவதும் நாமேதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, நெல் மண்டியில் கணக்கு எழுதும் ஒருவர் தம் பிள்ளையை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். பையன் ஒன்பதாம் வகுப்பு. கோவில்பட்டியில் சர்க்கார் நடத்தும் விளையாட்டு விடுதியில் சேர்ந்து ஹாக்கி பழக வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"ஐயா, நீங்கள்தான் இவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும். பந்தின் பின்னால் ஓடினால் சோறு கிடைக்குமா?" என்றார் தகப்பனார்.

புத்தி சொல்ல நமக்கு நா எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஐந்து வருஷங்களுக்கு முன், பொதுப் பரீட்சை நெருங்குகிறது என்று வேறொரு மாணவனுடைய ஹாக்கி மட்டையைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அவன் பரீட்சையில் சுமாராகத் தேறினான். மட்டையைக் கேட்க வரவே இல்லை. அது நம் அலமாரியிலேயே இருந்துவிட்டது.

ஆகவே, புத்தி சொல்லுவதற்குப் பதிலாகத் தன்ராஜ் பிள்ளையின் கதையைச் சொன்னோம். 1677-ல் சிவாஜி மகாராஜா செஞ்சியைக் கைப்பற்றினார். மராட்டியர் இங்கே வந்ததற்கு நம் கோட்டைச் சுவர்களே சாட்சி. தமிழர் அங்கே பிழைக்கப் போனதற்கு அத்தகைய சாட்சி ஏதும் இல்லை. ஆனால் தன்ராஜ் இருக்கிறார். புனாவை அடுத்த கட்கியில் 1968-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி ஒரு தமிழ்க் குடும்பத்தில் நாலாவது பிள்ளையாகப் பிறந்தவர் அவர். தகப்பனார் நாகலிங்கம் ஆயுதத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரிக்கும் சிப்பந்தி. தாயார் ஆண்டாளம்மாளோ, வறுமையிலும் பிள்ளைகளை விளையாடு என்று ஊக்கியவர். புது மட்டை வாங்க வசதி ஏது? உடைந்த மட்டைகளும், பிறர் எறிந்துவிட்ட பந்துகளும், சேற்று மண்ணுமே அப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். முகம்மது ஷாஹித் ஆடுவதைப் போலத் தாமும் ஆட வேண்டும் என்பது தன்ராஜின் கனவு.

பம்பாயில் தமையனார் ரமேஷ் ஓர் உரத் தொழிற்சாலையின் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். தம்பியும் அங்கே போய்ச் சேர்ந்தார். பிறகு மஹிந்திரா கம்பெனியின் அணியில் இடம் கிடைத்தது. ஜோக்கிம் கார்வாலோ பயிற்சி அளித்தார். 1989 டிசம்பரில் டில்லியில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் தேசத்துக்காக முதன்முதலாக ஆடியபோது தன்ராஜுக்கு வயது 21. அதன்பின் 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் பந்தயங்கள். ஜெர்மனி, பிரான்ஸ், மலேயா முதலிய தேசங்களில் சம்பளத்துக்கு ஆட்டம்.

"எல்லாரும் தன்ராஜ் ஆகிவிட முடியுமா, ஐயா?"

நியாயமான கேள்விதான். அதற்கும் ஒளிவுமறைவின்றியே பதில் சொன்னோம். ஆயிரம் பேர் ஓடினால் ஒருவர்தான் முன்னால் வருவார். அந்த ஒருவருக்கும் துன்பம் இல்லாமல் இல்லை. 1998-ல் பாங்காக்கில் தன்ராஜின் தலைமையில், 32 வருஷங்களுக்குப் பிறகு ஆசியப் பந்தயத் தங்கம் நமக்குக் கிடைத்தது. திரும்பி வந்த கொஞ்ச நாளில் அவரும் சில மூத்த ஆட்டக்காரர்களும் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஆயினும் விடுதிக்குப் போனால் படிப்பு நின்றுவிடுவதில்லை, பள்ளிக்கூடமும் உண்டு. அதே கோவில்பட்டியில் பழகிய அரியலூர்ப் பிள்ளை கார்த்தி செல்வம், 2022-ல் ஜகார்த்தாவில் பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். கானடா தேசத்தில் பனிக்கட்டிமேல் ஹாக்கி ஆடிப் பிழைக்க விரும்பும் பிள்ளைகளும் 16, 17 வயதிலேயே வீட்டைப் பிரிந்து, வேற்றூரில் அன்னியர் குடும்பத்தோடு தங்கிப் பழகுகிறார்கள். பிள்ளையைப் பிரிகிற வேதனை எந்தத் தேசத்துப் பெற்றோருக்கும் ஒன்றுதான்.

தகப்பனார் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த விண்ணப்பத்தை எடுத்தார். கையெழுத்துப் போடவும் அவர் ஆயத்தமாகத்தான் வந்திருந்தார் என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது!

மறுநாள் அலமாரியைத் திறந்து, அந்தப் பழைய மட்டையை எடுத்துக்கொண்டு திருவண்ணாமலை சாலையில் உள்ள ஒரு கடைக்குப் போனோம். நம் பழைய மாணவன் அங்கேதான் வேலை பார்க்கிறான். "இன்னுமா வைத்திருக்கிறீர்கள், சார்?" என்று சிரித்தான். மட்டையை இரண்டு கைகளாலும் பிடித்து, குனிந்து, இல்லாத பந்து ஒன்றைத் தள்ளிப் பார்த்தான். கோவில்பட்டிக்குப் போகிற பையனுக்கு அதைத் தந்துவிடுவான் என்று நாம் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு போயிருந்தோம். அவனோ அதைக் கல்லாவின் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டான். கேட்க நமக்கு வாய் வரவில்லை, உரிமையும் இல்லை.

கோவில்பட்டிப் பையனுக்கு ஒரு புது மட்டை வாங்கும் செலவு நம்முடையதாயிற்று. ஐந்து வருஷத்து வட்டி என்று எண்ணிக்கொண்டோம்.