சிறகுக்குள் நீலம், தூரடியில் பூ

போடியிலிருந்து முந்தல் போகும் சாலையில், மின்கம்பியில் ஒரு பனங்காடை உட்கார்ந்திருந்தது. மார்பும் முதுகும் மண்ணைப் போன்ற பழுப்பு. பார்க்காமலே கடந்திருப்பேன். தரையில் ஏதோ பூச்சியைக் கண்டு பாய்ந்தபோதுதான் சிறகு விரிந்தது. கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக மின்னின. ஒரு நொடிதான். மறுபடி கம்பிக்கு வந்து சிறகை மடக்கிக்கொண்டது.

அந்த நொடியைப் பிடித்து வைத்த ஓவியம் வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் கன்றுத்தோலில் தீட்டியது. 1512 என்று அதில் ஆண்டு குறித்திருக்கிறது. அதில் இருப்பது நம் பனங்காடையின் ஐரோப்பியப் பங்காளி. முழுப் பறவைகூட இல்லை, ஒற்றைச் சிறகு. ஒவ்வோர் இறகும் தனித்தனியே எண்ணிவிடலாம் போல விழுந்திருக்கிறது. தேவதைகளுக்குச் சிறகு வரைந்துகொண்டிருந்த காலத்தில், காட்டுப் பறவையின் சிறகுக்கும் அதே பொறுமையைக் கொடுத்த மனம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதே சாலையில் மேலே ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால் நிழல் மரங்களுக்கடியில் ஏலம். செடி ஆளுயரத்தை மீறி நிற்கிறது. பூவைத் தேடி அண்ணாந்து பார்த்தேன், இலைதான் இருந்தது. காய் எடுத்துக்கொண்டிருந்த அம்மா சிரித்தார். “மேல இல்லைங்கய்யா, தூரைப் பாருங்க.” குந்தி உட்கார்ந்தேன். தூரிலிருந்து கிளம்பிய சரம் தரையோடு படர்ந்திருந்தது. அதில் வெள்ளைப் பூ. இதழில் ஊதா வரிகள், மெல்லிய தூரிகையால் இழுத்தவை போல.

இந்த ஏலத்தையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ‘ஹோர்டஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. அதன் 11ஆம் தொகுதியில் ஏலம் இருக்கிறது. செடிகளின் பெயரையும் குணத்தையும் சொன்னவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்னும் மலையாள வைத்தியர். ஏலத்துக்கு அந்த நூல் தந்த பெயர் ‘எலெட்டரி’. நாம் ஏலரிசி என்கிறோமே, அதன் மலையாள உறவு. தாவரவியலில் இன்றைக்கும் ஏலத்தின் பேரினப் பெயர் ‘எலெட்டாரியா’.

தோட்டத்தில் புழங்கிய பேச்சு உலகத்துக்குப் பெயராயிற்று. கோடு போட்டவரின் கைக்கு முன்னால், ‘தூரைப் பார்’ என்று காட்டிய ஒரு கை இருந்திருக்க வேண்டும். மாலையில் ஜீப் நிறைய காய் எடுக்கும் பெண்கள் போடிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் அந்த ஊதா வரிகள் தெரியும்.