நிலம்பூர்த் தேக்கு

சென்ற விடுமுறையில் நாங்கள் குடும்பத்துடன் நிலம்பூர் சென்று வந்தோம். ஷொறணூரிலிருந்து அவ்வூருக்குச் செல்லும் இருப்புப்பாதையின் நீளம் 66 கிலோமீட்டர். 1927-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட இப்பாதையின் தண்டவாளங்களை உலகப் போரின்போது 1941-இல் பெயர்த்துச் சென்றனர். விடுதலைக்குப் பின்னரே அவை மீண்டும் அமைக்கப்பட்டன. இருமருங்கும் தேக்கு நிழல் செய்ய வண்டி செல்லும் அழகே தனி.

சாலியாற்றின் கரையில் ஏறத்தாழ 5.7 ஏக்கர் பரப்பில் 'கனோலித் தோட்டம்' உள்ளது. 1846-இல் நட்ட தேக்குகள் இன்றும் அங்கே வானளாவி நிற்கின்றன. இத்தோட்டம் தோன்றிய வரலாற்றை எங்கள் மகனுக்கு எடுத்துரைத்தோம்.

பிரிட்டிஷாரின் கப்பல்களுக்கு ஓக்கு மரம் கிடைப்பது அரிதாயிற்று. அவர்கள் கண் மலபார்த் தேக்கின்மேல் விழுந்தது. 1806 நவம்பரில் காப்டன் வாட்ஸன் என்பவரைக் கம்பெனியார் வனப் பாதுகாவலராக நியமித்தனர். மறு ஆண்டு, தேக்கு முழுவதும் தங்களுக்கே உரியது என்றும், அனுமதியின்றி எவரும் வெட்டலாகாது என்றும் பறையறிவித்தனர். பரம்பரையாகக் காட்டை ஆண்டவர் தம் மரத்தைத் தாமே வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டாலும் அது கள்ளமரம்!

"தன் மரத்தைத் தானே வெட்டியவன் எப்படியப்பா திருடனாவான்?" என்று மகன் வினவினான். எங்களால் உடனே விடையிறுக்க இயலவில்லை.

மக்களின் மனக்கசப்பை உணர்ந்த சென்னை ஆளுநர் மன்றோ, 1823-இல் இவ்வேகபோகத்தை ஒழித்தார். ஆயினும் காடு பிழைக்கவில்லை. வெட்டுவதில் கம்பெனியார் காட்டிய ஊக்கத்தை நடுவதில் காட்டவில்லை. தடை நீங்கியபின் வணிகர்களும் வரைமுறையின்றி வெட்டினர். காடு வெறுமையான பின்னரே, 1840-களில் கலெக்டர் கனோலியும், அவருக்குத் துணைநின்ற சாத்து மேனோனும் கன்று நடத் தொடங்கினர். தேக்கு முதிர அறுபது ஆண்டுகளேனும் வேண்டும். கனோலியோ 1855-இல் கோழிக்கோட்டில் கொலையுண்டார்.

திரும்பும் வண்டியில் மகனுக்கு விடை கூறினோம்: "தம்பி, அவனைத் திருடனாக்கியது பிறர் எழுதிய சட்டம். ஆனால், நடாமல் வெட்டுகிறவன் கம்பெனியானாலும் உரியவனானாலும், பின்வரும் பிள்ளைகளின் பொருளையே கவர்கிறான்."

அவன் சாளரத்தின் வழியே தேக்குகளைப் பார்த்தவண்ணம் இருந்தான். நம் சங்கத்துக் குடும்பத்தினரும் குழந்தைகளுடன் ஒருமுறை சென்று காண வேண்டிய இடம் அது.