வண்டி யாருடையது?

அகலத்திரை டிவி வாங்கக் கிளம்புகிறவர் எந்த டிவி என்பதற்குத்தான் நேரம் செலவழிப்பார். அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், மகனைக் கேட்பார், நாலு கடை ஏறி இறங்குவார். எங்கே வாங்குவது என்ற கேள்வி அவருக்கு விலையின் ஒரு பகுதி மட்டுமே, எங்கே குறைகிறதோ அங்கே வாங்கிவிடுவார். 2020 வரைக்கும், கடையைத் தேர்ந்தெடுக்கும்போதே, பின்னால் வழக்கு என்று வந்தால் எந்த ஊர் மன்றத்தில் போய் நிற்கவேண்டும் என்பதையும் அவர் முடிவு செய்துவிட்டார் என்பது பெரும்பாலும் டிவி கெட்ட பிறகுதான் தெரியவந்தது. புதுச்சேரியில் தொழில் செய்கிற வக்கீல்களுக்கு இந்த விஷயம் மற்ற ஊர்க்காரர்களைவிட நன்றாகத் தெரியும். இங்கே எந்தச் சாலையில் போனாலும் கொஞ்ச நேரத்தில் எல்லை வந்துவிடும். கடலூர் சாலையில் முள்ளோடை, திண்டிவனம் சாலையில் கோரிமேடு, விழுப்புரம் சாலையில் மதகடிப்பட்டு. அதைத் தாண்டினால் வேறு ஆட்சி. அந்த நாளில் வேறு வரியும்கூட.

எல்லை தாண்டி வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் சாராயக் கடையைக் காட்டிச் சிரிப்பார்கள். ஆனால் நேரு வீதியிலும் காமராஜர் சாலையிலும் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி விற்ற கடைகளுக்கும் கடலூரும் விழுப்புரமும் திண்டிவனமும்தான் சோறு போட்டன. இந்த வரி வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு வழக்கு உண்டு. பிரெஞ்சு ஆட்சி போனபின், 1965இல், புதுச்சேரி சட்டமன்றம் தனக்கென்று ஒரு விற்பனை வரிச் சட்டம் எழுதிக்கொள்ளாமல், சென்னை மாநிலத்தின் 1959ஆம் வருஷத்துச் சட்டத்தையே, இங்கே அமலுக்கு வரும் நாளில் அது எப்படி இருக்கிறதோ அப்படியே, ஏற்றுக்கொள்வதாக ஒரு சட்டம் போட்டது. அமலுக்கு வந்தது 1966 ஏப்ரல் 1இல். இடைப்பட்ட மாதங்களில் சென்னை தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. அப்படியானால் புதுச்சேரிக்காரனுக்கு வரி போட்டது யார், அவன் ஓட்டுப் போட்ட சட்டமன்றமா, சென்னைக் கோட்டையில் இருந்தவர்களா? ஷாமா ராவ் வழக்கில் 1967 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்றது. எப்படி மாறும் என்று தெரியாத ஒன்றுக்கு முன்கூட்டியே சம்மதம் கொடுப்பது சட்டம் இயற்றும் பொறுப்பையே கைவிடுவது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. அதே வருஷம் புதுச்சேரி தன் பெயரில் விற்பனை வரிச் சட்டம் இயற்றிக்கொண்டது. அதன்பின் இங்கே வரி எவ்வளவு என்பதை இந்த ஊர்தான் தீர்மானித்தது. பல பொருள்களுக்குப் பக்கத்து மாநிலத்தைவிடக் குறைவாகவே தீர்மானித்தது.

ஆனால் அந்தக் குறைந்த வரி புதுச்சேரிக்குள் நடக்கும் விற்பனைக்கு மட்டும் உரியதாக இருந்தது. சரக்கு எல்லை தாண்டிப் போகவேண்டும் என்பது விற்பனைப் பேச்சிலேயே அடங்கியிருந்தால் அது மாநிலங்களுக்கு இடையேயான விற்பனை. அதற்கு அந்த நாளில் 1956ஆம் வருஷத்து மத்திய விற்பனை வரிச் சட்டம் பொருந்தியது. வாங்குகிறவர் பதிவு பெற்ற வியாபாரியாக இல்லாமல் வீட்டுக்கு வாங்குகிற சாதாரண ஆளாக இருந்தால், 2007 மார்ச் வரைக்கும், 10 சதவீதம் அல்லது உள்ளூர் வீதம், இதில் எது கூடுதலோ அது விழும். ஆக, டிவியைக் கடையில் கையில் வாங்கிக்கொண்டு நீங்களே காரில் ஏற்றிப் போனால் ஒரு வரி. அதே டிவியைக் கடைக்காரர் தன் வண்டியில் கடலூரில் கொண்டுவந்து இறக்கினால் இன்னொரு வரி. கண்ணாடித் திரையுள்ள அத்தனை பெரிய பெட்டியை யாரும் பஸ்ஸில் தூக்கிப் போக முடியாது என்பது கடைக்காரருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். அதனால் பில்லில் ஒரு புதுச்சேரி முகவரி விழும், ‘கவுன்ட்டர் டெலிவரி’ என்று ஒரு முத்திரையும் விழும், கொஞ்ச நேரம் கழித்து வண்டி முள்ளோடையைத் தாண்டும். இதில் இரண்டு தரப்புக்கும் லாபம் இருந்ததால் யாரும் இதைப் பொய் என்று நினைக்கவில்லை.

நான் சொல்ல வந்த வழக்கு 2006இல் வாங்கிய டிவியைப் பற்றியது. வாங்கியவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பணிக்கொடைப் பணத்தில் 42 அங்குல பிளாஸ்மா டிவி வாங்கினார். விலை லட்சத்துக்கு மேல். கடையில் டிவிடி போட்டுக் காட்டியபோது கடலும் மலையுமாகத் திரை நிறைந்து வழிந்திருக்கிறது. வீட்டில் கேபிள் ஒயரைச் சொருகியதும் செய்தி வாசித்தவர் முகம் பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி தெரிந்தது. திரை 16க்கு 9, கேபிளில் வந்த படமோ 4க்கு 3. உயர்துல்லிய ஒளிபரப்பு இந்த நாட்டு வீடுகளுக்கு வந்ததே 2010 வாக்கில்தான். 2006இல் அகலத்திரை வாங்கியவர்கள் எல்லாருமே இன்னும் வராத படத்துக்காகப் பணம் கொடுத்தவர்கள் என்று சொல்லலாம். கடை ஆள் வந்து, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு நடுவில் சரியான அளவில் படம் தெரிகிற மாதிரி அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வைத்தியம்தான் வினையாயிற்று. பிளாஸ்மா திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. ஒளிர ஒளிரத் தேய்கிறது. நடுப்பகுதி தேய்ந்தது, பட்டை இருந்த இடம் தேயவில்லை. சில மாதங்களில், முழுத்திரைக்குப் படம் ஓட்டினாலும் இரண்டு செங்குத்துக் கோடுகள் தெரிந்தன, மூலையில் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிற சேனல் சின்னத்தின் நிழலும் தங்கிவிட்டது.

உத்தரவாத அட்டையின் பொடி எழுத்தில் இதற்கெல்லாம் பொறுப்பில்லை என்று இருந்தது. கடலூர் சர்வீஸ் சென்டரில் பில் புதுச்சேரி, அங்கே போங்கள் என்றார்கள். புதுச்சேரி சர்வீஸ் சென்டரில் டிவி கடலூரில் இருக்கிறது, அது எங்கள் ஏரியா இல்லை என்றார்கள். ஆசிரியர் கடலூர் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் தானே புகார் மனு எழுதிப் போட்டார். வக்கீல் வைக்கவேண்டியதில்லை என்று சட்டம் சொல்வதை எழுத்துக்கு எழுத்து நம்பியவர் அவர். தன் வழக்கைத் தானே நடத்தினார். கடைக்காரருக்கு நான் ஆஜரானேன்.

கடை முதலாளி முதல் நாள் என்னிடம் காட்டியது பில்லின் அடிக்குறிப்பு: ‘புதுச்சேரி நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’. “இது போதுமே சார்” என்றார். போதாது. 1989இல், சேலத்து நிறுவனம் ஒன்று குஜராத்திலிருந்து ஜரிகை நூல் வாங்கிய ஏ.பி.சி. லாமினார்ட் வழக்கில், ஒப்பந்தத்தில் கைரா எல்லைக்கு உட்பட்டது என்று எழுதியிருந்தும் சேலம் நீதிமன்றம் வழக்கை விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே மட்டும் என்று தெளிவாக விலக்கி எழுதாத வரைக்கும், வழக்குக்கான காரணம் எழுந்த இன்னொரு ஊரின் கதவு மூடாது. ஆகவே அடிக்குறிப்பை விட்டுவிட்டு, பில்லின் மேற்பாதியைக் கையில் எடுத்தேன். 1986ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, எதிர்த்தரப்பு தொழில் நடத்தும் அல்லது கிளை வைத்திருக்கும் ஊரிலோ வழக்குக்கான காரணம் முழுதாகவோ பகுதியாகவோ எழுந்த ஊரிலோதான் புகார் கொடுக்கலாம். வாங்கியவர் குடியிருக்கும் ஊர் என்பதற்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. கடை புதுச்சேரியில். பணம் கொடுத்தது அங்கே. பொருள் கைமாறியது அங்கே, அதற்குக் கவுன்ட்டர் டெலிவரி என்ற முத்திரையே சாட்சி. முகவரிகூட முத்தியால்பேட்டை. இதில் கடலூர் எங்கே வந்தது?

அந்த முத்தியால்பேட்டை வீடு ஆசிரியருடைய மச்சானுடையது. வரியில் சில ஆயிரம் மிச்சம் பிடிப்பதற்காகக் கொடுத்த முகவரி, அவர் சொந்த ஊர் மன்றத்திலிருந்தே அவரை வெளியே அனுப்பும் ஆவணமாக என் கையில் இருந்தது. வாதம் சுத்தமான வாதம். சட்டத்தில் அதற்குப் பதில் சொல்வது கடினம். அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிரே மனுவைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றவரை நான் அதிகம் பார்க்கவில்லை என்பதும் உண்மை. புகார் திருப்பித் தரப்பட்டால் அவர் அதைப் புதுச்சேரியில் தாக்கல் செய்யலாம். தவறான மன்றத்தில் நல்லெண்ணத்தோடு செலவழித்த காலத்தைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1995இல், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி என்ஜினியரிங் வழக்கிலேயே காட்டியிருந்தது. உரிமை எதுவும் பறிபோகாது. ஆனால் அறுபதைத் தாண்டிய ஒருவர் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறுவது எந்தத் தீர்ப்பிலும் கணக்கில் வராது, அலைச்சலில் ஓய்ந்து கைவிட்ட வழக்குகளும் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

ஆசிரியர் பதிலுக்குச் சட்டம் பேசவில்லை. “ஐயா, டிவியை என் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்கள்” என்றார். நுகர்வோர் மன்றத்தில் தலைவரோடு இரண்டு உறுப்பினர்கள் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும் என்பது அன்றைய விதி. அதுவரை ஒன்றும் பேசாதிருந்த அந்த அம்மையார்தான் என்னைப் பார்த்துக் கேட்டார்: “வண்டி யாருடையது, வக்கீல் சார்?”

பெரிய கேள்வி அது. பில் என்பது விற்பனைக்கு ஒரு சான்று மட்டும்தான். பொருள் உண்மையில் எங்கே ஒப்படைக்கப்பட்டது என்பதை வேறு சாட்சியத்தால் காட்ட முடியும். வண்டி கடைக்குச் சொந்தம் என்றால் ஒப்படைப்பு மஞ்சக்குப்பத்தில் நடந்ததாகிறது, வழக்குக்கான காரணத்தில் ஒரு பகுதி கடலூரில் எழுந்ததாகிறது, என் ஆட்சேபணை அங்கேயே விழுந்துவிடும். அது மட்டுமில்லை. எல்லை தாண்டிய விற்பனையை உள்ளூர் விற்பனையாகக் காட்டியதை என் கட்சிக்காரரே ஒரு மன்றத்தில் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டதாகவும் ஆகும். வண்டி எங்களுடையது இல்லை என்று சொன்னாலோ, அது பொய். நான் வாய்தா கேட்டேன்.

முதலாளி என் அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். “இந்த ஒரு டிவி போனாப் போவுது சார். வண்டி நம்மளதுன்னு எழுதிக் குடுத்தா, வரி ஆபீஸ்ல பழைய பில்லெல்லாம் எடுன்னுவாங்க. அதுல பாதி மச்சான் வீட்டு அட்ரஸ்தான்” என்றார். பொய் எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் எழுதியிருக்கப் போவதில்லை. டிவியில் குறை உண்டா என்ற விசாரணைக்கும் அவர் பயந்தார், அதிலும் நியாயம் இருந்தது. சோதித்தாலன்றித் தெரியாத குறை என்றால் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்கிறது சட்டம், கட்டணத்தைப் புகார்தாரர் கட்டவேண்டும். இங்கேயோ குறை கண்ணுக்கெதிரே சுவரில் தொங்கியது. தேய்மானத்துக்குப் பொறுப்பில்லை என்று அட்டை சொன்னாலும், கேபிள் பார்க்கிற வீட்டுக்கு இதுதான் சரி என்று விற்றதும், பட்டை விட்டு அமைத்துக் கொடுத்ததும் கடை.

இதே வழக்கு இன்று வந்தால் எனக்குப் பேச ஒன்றும் இருக்காது. 2009 அக்டோபரில், அம்பாலாவில் தீப்பிடித்த கிடங்குக்குச் சண்டிகரில் புகார் கொடுத்த சோனிக் சர்ஜிக்கல் வழக்கில், கிளை இருக்கும் ஊரிலெல்லாம் வழக்குப் போட முடியாது, காரணம் எழுந்த இடத்துக் கிளைதான் கணக்கு என்று உச்ச நீதிமன்றம் இன்னும் இறுக்கியது. அந்த இறுக்கத்தை அவிழ்க்கச் சட்டமே மாறவேண்டியிருந்தது. 2020 ஜூலை 20இல் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது. அதற்குள் எல்லை தாண்டி வரக் காரணமும் தீர்ந்துவிட்டது. 2017 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டியில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரே வீதம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதமாக இருந்ததும், 2025 செப்டம்பர் 22இல் 18 ஆகக் குறைந்ததும் இரண்டு ஊருக்கும் ஒன்றாகவே நடந்தது. நேரு வீதியில் இன்று தள்ளுபடி கேட்கலாம், பேரம் பேசலாம். மச்சான் முகவரி மட்டும் யாருக்கும் தேவைப்படாது.

சமரசப் பேச்சு மன்ற வராந்தாவில் நடந்தது. பிளாஸ்மாவைக் கடை திரும்ப எடுத்துக்கொண்டு, அதே விலைக்கு ஒரு எல்சிடி டிவி தருவது, ஆசிரியர் புகாரைத் திரும்பப் பெறுவது என்று ஒப்புக்கொண்டார்கள். கூட்டு மனுவை எழுதி முடித்தபோது ஆசிரியர் ஒரு நிபந்தனை போட்டார்: புதிய பில் தன் பெயரில், மஞ்சக்குப்பம் முகவரிக்குத்தான் வரவேண்டும். “வரி ஏறுமே சார், அத யாரு கட்டுறது?” என்றார் முதலாளி. ஆளுக்குப் பாதி என்று ஆசிரியர் பையிலிருந்து பணத்தை எடுக்க, முதலாளி மறுக்க, கொஞ்ச நேரம் அது ஒரு தனி வழக்காகவே நடந்தது. நான் குறுக்கிட்டுச் சொன்னேன். 2007 ஏப்ரல் 1இலிருந்து மத்திய விற்பனை வரி திருத்தப்பட்டுவிட்டது. சாதாரண ஆள் வெளிமாநிலத்துக்கு வாங்கினாலும் கடை இருக்கும் ஊரின் உள்ளூர் வீதம்தான், அதற்குமேல் ஒரு பைசா கிடையாது. கடலூர் முகவரிக்கும் முத்தியால்பேட்டை முகவரிக்கும் இப்போது ஒரே வரி. முதலாளி இதை இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். “அப்ப போன மாசம்கூட நான் எதுக்கு சார் மாத்தி மாத்தி எழுதிக்கிட்டிருந்தேன்?” என்றார். ஆசிரியர் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு, கூட்டு மனுவை எழுத்துப் பிழை பார்த்து, ஒரு சந்திப்பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.