லண்டன் வேண்டாம் என்று நாங்கள் போட்ட கணக்கு



விசா கிடைத்த நாளிலிருந்து ஸ்டாஃப் ரூமில் "டீச்சர், லண்டனில எங்கெங்க போறீங்க?" என்று கேட்காத ஆளில்லை. லண்டனுக்கே போகவில்லை என்றால் ஒருவரும் நம்புகிறார்களில்லை. அதனால் எங்கள் திட்டத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளுக்கு உதவலாம்.

தம்பி நியூகாசிலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான். போய் நான்கு வருடம், ஒருமுறையும் வரக் கிடைக்கவில்லை. உம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வருத்தம். ஆகஸ்ட் லீவில் நானும் உம்மாவும் போகிறோம், இன்ஷா அல்லாஹ். டிக்கெட் இரண்டும் என்னுடைய சீட்டுக் காசு.

தம்பிக்குக் கிடைத்தது ஐந்து நாள் லீவு. "ராத்தா, உம்மா முதல் தரமா வாறா, லண்டன் காட்டாம அனுப்பேலுமா? கார்டில போட்டுப் பிறகு கட்டுவன்" என்றான். அந்தப் 'பிறகு கட்டுவது' என்னவென்று எனக்குத் தெரியும். ஆறு மாதம் கூடுதலாக இரவு ஷிஃப்ட். உம்மாவுக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை. பதிலுக்கு நியூகாசிலுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு கிழமையாகத் தேடினேன். கண்டது நோர்தம்பர்லாந்து.

ஸ்கொட்லாந்து எல்லையோடு இருக்கிற மாவட்டம். சனம் குறைவு, செம்மறி ஆடு கூட. கோட்டைகளுக்குப் பெயர் போன இடம். எங்களுக்குப் பெரிய லாபம், தங்குவது தம்பியின் வீட்டில். விடிய பஸ் ஏறிப் பின்னேரம் திரும்பலாம். 2025 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் பெரும்பாலான உள்ளூர் பஸ்களில் ஒரு வழிக்கு உச்சக் கட்டணம் 3 பவுண். தூரம் எவ்வளவானாலும் அதுதான். பவுணை 400 ரூபாவால் பெருக்கிப் பார்க்கிற என் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

முதலில் ஹேட்ரியன் சுவர். ரோமர்கள் கி.பி. 122இல் தொடங்கிக் கரைக்குக் கரை 117 கிலோமீற்றர் கட்டியது. சுவரோரம் நடக்க டிக்கெட் இல்லை. கோடையில் சுவரை ஒட்டி ஓடுகிற பஸ்ஸின் இலக்கமே ஏடி 122! ஹவுஸ்டெட்ஸ் கோட்டைதான் பேர்போனது, ஆனால் மேட்டில் ஏறி நடக்க வேண்டும். உம்மாவின் முழங்காலை நினைத்து அதை வெட்டிவிட்டேன். ஆற்றோரம் சமதரையில் இருக்கிற செஸ்டர்ஸ் போதும். அதற்கு மட்டும் டிக்கெட் எடுப்போம். தம்பி ஹலால் இறைச்சி வாங்குகிற வெஸ்ட் ரோட்டும் அந்தச் சுவரின் வழியில்தான் போகிறதாம். நான்கு வருடம் இருந்தவனுக்கு நான் இங்கிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

இதற்காக வாசித்ததில் மனதில் நின்றது விண்டொலாண்டா. அங்கே சேற்றுக்குள் இருந்து மெல்லிய மரத்தகட்டில் எழுதிய கடிதங்கள் 1973இலிருந்து எடுக்கப்படுகின்றன. ஒரு பெண் தன் தோழியைப் பிறந்தநாளுக்கு வரச் சொல்லி எழுதியது ஒன்று. இன்னொன்றில் யாரோ ஒருவருக்குக் காலுறைகளும் செருப்பும் உள்ளாடைகளும் அனுப்பியிருக்கிற செய்தி. வாசித்துக் காட்டியபோது உம்மா, "பாவம், குளிராக்கும்" என்றார். பிறகு தம்பிக்குக் காலுறை வாங்கிவிட்டோமா என்று கேட்டார்.

இரண்டாவது பயணம் பம்பரோ. கடற்கரை மணலுக்கு மேல் கோட்டை நிற்கிறது. உள்ளே போகக் காசு, கடற்கரையில் பாய் போட்டிருந்து பார்க்க ஒன்றுமில்லை. சோறு கட்டிக்கொண்டு போவோம். பக்கத்திலேயே கிரேஸ் டார்லிங் மியூசியம், இலவசம். 1838இல் உடைந்த கப்பலில் தப்பியவர்களைக் காப்பாற்ற வாப்பாவோடு தோணி வலித்துப் போன 22 வயதுப் பிள்ளை அவர். லிண்டிஸ்ஃபார்ன் தீவை இன்னும் முடிவு செய்யவில்லை. நாளுக்கு இருமுறை கடல் ஏறிப் பாதையை மூடுகிறது. பஸ் நேரமும் அலையைப் பார்த்து மாறுகிறது. அந்தக் கிழமை அட்டவணை சரிவந்தால் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை மெட்ரோவில் சவுத் ஷீல்ட்ஸ். மாவட்டத்துக்கு வெளியேதான், ஆனால் விட மனமில்லை. யெமன் கப்பல்காரர்கள் நூறு வருடத்துக்கு முன்பே குடியேறிய ஊர். 1977இல் முஹம்மது அலி தன் திருமணத்துக்கு துஆச் செய்வித்தது அங்குள்ள அல் அஸ்ஹர் பள்ளியில். தம்பி அங்கே ஜும்ஆ தொழட்டும்.

தொழுகை நேரம் ஒன்றைக் கவனியுங்கள். ஆகஸ்ட் நடுவிலும் அங்கே மஃரிப் இரவு 8.30ஐத் தாண்டித்தான். பகல் நீளம் என்பதால் ஊர் பார்க்க வசதி. உம்மாவுக்கு இஷா வரை விழித்திருப்பதுதான் கஷ்டம்.

தம்பி கடைசியில் ஒத்துக்கொண்டான், ஒரு நிபந்தனையோடு: ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு அவனுடையதாம். சரி என்றேன்.

இப்போது வீட்டில் நடக்கிற சண்டை பெட்டிக்கு. இறைச்சியும் பால் சாமானும் கொண்டுபோகத் தடை. உம்மா பொரித்து வைக்க நினைத்த மாட்டிறைச்சி நின்றுவிட்டது. மீனுக்கு அனுமதி உண்டு, 20 கிலோ வரை. அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. நெத்தலிக் கருவாடு மட்டும் இப்போதே நான்கு கிலோ கட்டியாகிவிட்டது.