பயமும் பழமும்

"பஸ் போய்விட்டது" என்று எழுதத் தெரிந்த தமிழர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அப்படிப் பேசுகிற தமிழர் ஒருவரையாவது நாம் இதுவரையில் சந்தித்ததில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் பஸ் "போயிட்டுது". மதுரையில் "போயிருச்சு". திருநெல்வேலியில் "போயிட்டு" என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். போயிட்டு அப்புறம் என்ன செய்தது என்று காத்து நிற்கும் அயலூர்க்காரர் பாடு திண்டாட்டந்தான். அக்கிரகாரத்தில் அது "போயிடுத்து". சென்னையிலிருந்து பழைய தென்னார்க்காடு ஜில்லா வரையில் "பூடுச்சு". பஸ் என்னவோ எல்லா ஊரிலும் ஒரே மாதிரியாகத்தான், நாம் வந்து சேர்வதற்கு இரண்டு நிமிஷம் முன்னதாகப் போய்விடுகிறது.

பிள்ளைச்சாவடியிலும் அப்படித்தான் போயிற்று.

புதுச்சேரியிலிருந்து வடக்கே கடலோரமாகச் செல்லும் சாலையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். முத்தியால்பேட்டையைத் தாண்டினதும் புதுச்சேரி முடிந்து, கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு ஆரம்பமாகிறது. முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் தமிழ்நாடு. பிறகு பிள்ளைச்சாவடியில் மறுபடியும் புதுச்சேரி வந்துவிடுகிறது. காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் வரையில் புதுச்சேரியாகவே இருந்து, அதற்கப்பால் மீண்டும் தமிழ்நாடு. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் நம்மைக் கேளாமல் பங்கு போட்டுக்கொண்ட கோடுகள் இவை. 1954ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் போயிற்று. கோடுகள் மட்டும் போகவில்லை. இன்று எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பெட்ரோல் விலைப் பலகையையோ, சாராயக் கடையின் வாசலையோ பார்க்கவேண்டும். காதால் கண்டுபிடிக்க முடியாது. பொம்மையார்பாளையத்தில் "குந்து" என்று சொல்லுகிறவர்தாம் பிள்ளைச்சாவடியிலும் "குந்து" என்கிறார். இரண்டு நூற்றாண்டுக் காலம் இரண்டு ஏகாதிபத்தியங்கள் காவல் காத்தும் ஒரு வினைச்சொல்லைக்கூட இரண்டாகப் பிளக்க முடியவில்லை என்பதில் நமக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

'சாவடி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். வழிப்போக்கர் தங்கும் இடமும் சாவடிதான். ஊர்ப் பஞ்சாயத்துக் கூடும் இடமும் சாவடிதான். ஆங்கிலேயர் இதை 'சௌல்ட்ரி' ஆக்கினார்கள். பிரெஞ்சுக்காரர் 'ஷோத்ரி' ஆக்கி, புதுச்சேரியில் நம்மவர் வழக்குகளை விசாரித்த நியாயஸ்தலத்துக்கே அந்தப் பெயரை இட்டார்கள். கட்டுமரம் 'கட்டமரான்' ஆகி உலகமெல்லாம் மிதக்கிறது. வெட்டிவேரின் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு பாரிஸ் நகரத்தார் அத்தர் புட்டிகளின் மேல் எழுதி விற்கிறார்கள். பதிலுக்கு நாமும் சும்மா இருக்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்து பென்ஷன் வாங்கியவர் புதுவையில் 'சொல்தா'. நகர மண்டபம் 'மேரி'. பத்திரம் எழுதிப் பதிகிறவர் 'நொத்தேர்'. பஞ்சாயத்தின் பெயரில் இன்றைக்கும் 'கொம்யூன்' இருக்கிறது. வெள்ளைக்காரர் நம் சொல்லைச் சிதைத்துச் சொன்னால் அதற்கு அகராதியில் இடம் உண்டு. நம் வீட்டுக் கிழவி சிதைத்துச் சொன்னால் அதற்குப் பெயர் வேறு. சங்கதி அங்கேதான் வருகிறது.

பஸ் நிற்கும் இடத்தில் நிழலுக்காக ஒதுங்கியிருந்தோம். மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையுடன் ஓர் ஆயா உட்கார்ந்திருந்தாள். நம்மை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா தம்பி, பஸ்ஸுக்கா நிக்கிறீங்கோ? அது அப்பவே பூடுச்சே!"

"போயிட்டுதா ஆயா? அடுத்தது எப்ப வரும்?"

"வரும், வரும். தம்பி தெக்கத்தியாரு போல கீதே. நாகப்பட்ணம் பக்கமா?"

நாம் பிறந்தது நாகப்பட்டினத்துக்கு நாலு காத தூரத்தில். எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தியை அந்தப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். அவளும் இப்படித்தான் "போயிட்டுது, வந்துட்டுது" என்று இழுப்பாளாம். நாம் மாற்றிக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருந்த உடை, நடை, கிராப்பு, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு விகுதியைப் பிடித்து ஊரைச் சொல்லிவிட்டாள்.

பேச்சு வளர்ந்தது. பேத்தி ஒருத்தி பட்டணத்தில் ஒரு காலேஜில் படிக்கிறாள் என்று பெருமையாக ஆரம்பித்தவள், சிறிது நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"முன்ன மாதிரி இல்ல தம்பி அது. வகுப்புல எதையோ எய்திப் படிக்கச் சொல்லிக்கீறாங்க. பழம்னு சொல்லணுமாம். இது பயம்னு சொல்லிச்சாம். வாத்தியாரம்மா, 'இன்னா பயம்? பேயக் கண்டியா?'ன்னு கேட்டுச்சாம். எல்லாம் சிரிச்சுதுங்களாம். அதுலேர்ந்து வூட்லயே பேச்சு இல்ல. சிநேகிதிப் பொண்ணுங்க யாராச்சும் வந்தா, 'ஆயா, நீ வாயத் தொறக்காம அப்படிக் குந்திக்கினு இரு'ங்குது."

"நீங்க என்ன செய்வீங்க?"

"குந்திக்கினு இருப்பேன். இன்னா பண்றது? புள்ள படிக்கணுமில்ல."

அவள் அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. படிப்புக்குக் கட்டவேண்டிய சம்பளங்களில் இதுவும் ஒன்று என்பதுபோலச் சொன்னாள்.

சற்று நேரத்தில் அந்தப் பெண்ணே வந்தாள். நம்மைக் கண்டதும், "வணக்கம் ஐயா. நீங்கள் புதுச்சேரிக்குச் செல்ல வேண்டுமா?" என்று புத்தகத்தைப் பிரித்து வாசிப்பதுபோல் கேட்டாள். ஒவ்வொரு ழகரத்துக்கும் முன்னால் ஒரு கணம் நின்று, வரப்பில் கால் வைப்பவள்போல நாக்கை ஊன்றிப் பேசினாள். அதற்குள் அவள் பின்னோடு வந்த சிறுவன் கடற்கரைப் பாறைகளை நோக்கி ஓடினான். "டேய்! கல்லாண்ட போவாதடா! அலை இஸ்துக்கினு பூடும்!" என்று கத்தினாள் பாருங்கள், அந்தக் குரலில் உயிர் இருந்தது. மறு நிமிஷம் நம்மைத் திரும்பிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

அவள் எதற்காக வெட்கப்பட்டாள் என்பதை நேயர்கள் சற்றுப் பொறுமையாகக் கவனிக்க வேண்டும். 'ஆண்ட' என்பது 'அண்டை'. அண்டை வீடு, அண்டை நாடு என்று பத்திரிகைகளில் நாம் எழுதுகிற அதே அண்டை. 'கினு' என்பது 'கொண்டு'. பிறகு என்பதற்கு அவர்கள் சொல்லும் 'அப்பால' என்பது அசல் 'அப்பால்'. பிழை என்று கொண்டாலும் ழகரம் யகரமாவது ஒன்றுதான் பிழையா? மதுரைப் பக்கத்தில் வாழைப்பழம் வாளைப்பளம் ஆகிறது. யாரும் பேயைக் கண்டாயா என்று கேட்பதில்லை. அந்த வகுப்பில் சிரித்தவர்களிலேயே எத்தனை பேர் வீட்டில் வாளைப்பளம் சாப்பிடுகிறவர்களோ! ளகரத்துக்கு மன்னிப்பு, யகரத்துக்கு நகைப்பு என்றால், அந்தச் சட்டம் இலக்கணத்தில் எழுதியிருப்பது அல்ல. யகரம் சேரியிலும் குப்பத்திலும் குடியிருக்கிறது. அதுதான் அதன் குற்றம். போதாக்குறைக்குச் சினிமா வேறு இந்தப் பேச்சைச் சிரிப்பு நடிகர்களுக்கென்று ஒதுக்கிவிட்டது. சென்னைப் பாஷைக்குப் பெயர் வாங்கிய சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்தவர் என்பது ஒரு வேடிக்கை.

இலக்கணத்தைத் துணைக்கு அழைத்தால் அது வேறு கதை சொல்கிறது. தொல்காப்பியர் சொற்களை நாலு வகையாக்கி, திசைச்சொல்லையும் அவற்றுள் ஒன்றாகச் செய்யுளுக்கு ஏற்றுக்கொண்டார். செந்தமிழ் நிலம் எது என்று உரையாசிரியர்கள் எல்லை கட்டினபோது, வையைக்கு வடக்கு, மருதயாற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு என்றார்கள். புதுச்சேரிக் கரை இதற்கு வெளியேதான். பெண்ணையாற்றுப் பக்கத்து அருவா நாடு என்று அதைத் தள்ளிவிட்டு, அங்கே சிறுகுளத்தைக் 'கேணி' என்பார்கள் என்று குறிப்பும் எழுதி வைத்தார்கள். ஆனால் அந்த எல்லையைப் படத்தில் போட்டுப் பார்த்தால், வையையின் தென்கரையிலுள்ள மதுரைமாநகரமும் வெளியே நிற்கிறது! சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊரே கொடுந்தமிழ் நாட்டில் போய் விழுந்தால், பிள்ளைச்சாவடி ஆயாவுக்கு அங்கே நல்ல துணைதான்.

உச்சரிப்பைக் கொண்டு ஆளைத் தரம் பிரிப்பது சிரிப்போடு நிற்குமென்று சொல்லவும் முடியாது. விவிலியத்தில் நியாயாதிபதிகள் ஆகமத்தில் ஒரு கதை இருக்கிறது. போரில் தோற்று ஓடிவந்த எப்பிராயீமரை யோர்தான் ஆற்றுத் துறைகளில் மறித்து, "ஷிபோலேத் என்று சொல்லு" என்றார்களாம் கீலேயாத்தியர். ஷகரம் வராமல் "சிபோலேத்" என்றவர்களை வெட்டிச் சாய்த்தார்கள். நாற்பத்தீராயிரம் பேர் என்று கணக்கு. நம் கிராமங்களில் சங்கரனைத் தவிர ஷண்முகனை அறியாத நாக்குகளை நினைத்தால் நெஞ்சு பகீரென்கிறது. அது பழங்கதை என்பீர்களானால், 1983 ஜூலையில் இலங்கையில் நடந்ததைத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வழியில் மறித்து, வாளிக்குச் சிங்களத்தில் வழங்கும் சொல்லைச் சொல்லச் சொன்னார்களாம். முதலெழுத்துத் தமிழ் நாக்கில் வேறாக ஒலித்தால் தீர்ந்தது. வகுப்பறைச் சிரிப்பையும் அந்தக் கொடுமையையும் ஒரே தட்டில் வைப்பது நம் நோக்கமல்ல. ஆனால் "நீ யார் என்பதை உன் நாக்குக் காட்டிவிட்டது" என்கிற வாக்கியம் இரண்டிலும் ஒன்றுதான்.

இதே கடற்கரையில், பிள்ளைச்சாவடிக்கு அடுத்த காலாப்பட்டில், ஒரு சர்வகலாசாலை இருக்கிறது. 1989இல் அங்கே சிறப்புப் பேராசிரியராக வந்தார் கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பையே முடிக்காத கரிசல் காட்டு விவசாயி. இடைசெவலில் கிழவர்களும் கிழவிகளும் பேசின சொற்களைத் திரட்டி, 1982இல் 'கரிசல் வட்டார வழக்கு அகராதி' வெளியிட்டவர். அந்தச் சொற்களுக்காகவே அவரை அழைத்து நாற்காலி போட்டார்கள். அவர் மாணவர்களை ஊர் ஊராக அனுப்பிப் புதுவை வட்டாரத்து நாட்டுப்புறக் கதைகளையும் திரட்டினார். 1908 முதல் 1918 வரையில் புதுவையில் வாழ்ந்த பாரதியாரின் எட்டயபுரமும் அதே கரிசல் பூமிதான். அந்த மண்ணின் பேச்சு இவ்விதமாக இரண்டு தடவை புதுவைக்கு வந்து மரியாதை பெற்றது. 2021 மே 17ஆம் தேதி ராஜநாராயணன் புதுச்சேரியிலேயே காலமானார். ஆயாக்களின் பேச்சைக் கேட்டு எழுதிக்கொண்டு வா என்று மாணவர்களை அனுப்பின கரையிலே, ஆயாவை வாய் திறக்காதே என்று ஒரு மாணவி சொல்லும்படி ஆகியிருக்கிறது.

பஸ் வர இன்னும் நேரமிருந்தது. காற்றுகளின் பெயரைக் கேட்டோம். வாடை, கொண்டல், கச்சான் என்று விரலை மடக்கினாள். வடக்குக் காற்று வாடை, கிழக்குக் காற்று கொண்டல் என்பது சங்க நூல்களில் வித்துவான்கள் படித்துத் தெரிந்துகொள்வது. இவள் மீன்பாட்டுக்காகத் தெரிந்து வைத்திருக்கிறாள். பெண்ணும் பக்கத்தில் வந்து நின்றாள். "கச்சான் எந்தப் பக்கம் ஆயா?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்தக் கேள்விதான் நம்மைத் திடுக்கிடச் செய்தது. அவள் தகப்பனாருக்கு அதைக் கேட்கவேண்டிய அவசியம் இருந்திருக்காது.

சிரிப்புக்குப் பயந்து மறைகிற சொற்கள் ஒரு புறமிருக்க, நிற்க மணலில்லாமல் மறைகிற சொற்களும் உண்டு. இந்தக் கரையில் வருஷத்தில் பெரும் பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1980களில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டின கல்லணைகள் அந்த மணலைத் தெற்கிலேயே தடுத்துவிட்டன. வடக்கே இருக்கும் குப்பங்களின் கரையைக் கடல் அரித்துத் தின்கிறது. தடுப்பதற்காகப் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். பாறையின் மேல் நின்று கரைவலை இழுக்க முடியாது. கரைவலை போனால், அதைச் சேர்ந்த ஆட்களின் பெயர், கயிற்றின் பெயர், வலை இழுக்கும்போது பாடும் பாட்டு எல்லாம் உடன் போகின்றன.

தூரத்தில் பஸ் தெரிந்தது. வீடு எங்கே என்று ஆயாவைக் கேட்டோம். சாலைக்கு மேற்கே கையைக் காட்டினாள். பிறகு, நாம் கேளாமலே, பாறைகளுக்கு அப்பால் கடலைக் காட்டி, "எங்க மாமியாரு வூடு அதோ அங்க கீது" என்றாள். அலைகளைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. "கீது" என்றுதான் சொன்னாள். "இருந்துச்சு" என்று சொல்லவில்லை. பெண் அதைத் திருத்தவில்லை.