இசைமுரசின் புதுப்பாட்டு

நெடுநாள் பழகிய ஒருவர் திடீரென்று புதிய உடையில் நம் வாசலில் வந்து நின்றால், கண் முதலில் உடையைத்தான் பார்க்கிறது. முகத்தைப் பார்க்கச் சற்று நேரம் ஆகிறது. மூத்த பாடகர்களின் புதுப்பாட்டுக்கும் இந்த நிலைதான். நாற்பது ஆண்டு கேட்டுப் பழகிய செவி, புதுப்பாட்டைக் கேட்பதில்லை. அதில் பழைய பாட்டைத் தேடுகிறது. கிடைக்காதபோது பாடியவர் மீது கோபம் கொள்கிறது. இந்த உண்மையை நான் எந்த நூலிலும் கற்கவில்லை. தருமபுரியில், என் அத்தாவின் சிறிய கடையில், ஓர் இஷா தொழுகைக்குப் பின் கற்றுக்கொண்டேன்.

1997ஆம் ஆண்டு அது. பாலுமகேந்திரா இயக்கிய ‘ராமன் அப்துல்லா’ திரைப்படத்தின் பாடல்கள் ஒலிநாடாவாக வெளிவந்திருந்தன. இசை இளையராஜா. அந்தப் படத்தில் நாகூர் இ.எம். ஹனிபா அவர்கள் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார்கள் என்ற செய்தி, ஒலிநாடாவுக்கு முன்பே எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அப்போது அவர்களுக்கு வயது 71. திரைப்படம் அவர்களுக்குப் புதிய இடம் அன்று. 1955இல் வந்த ‘குலேபகாவலி’யிலும், 1961இல் வந்த ‘பாவமன்னிப்பு’ படத்திலும் அந்தக் குரல் ஒலித்திருக்கிறது. ஆயினும் எங்களைப் பொறுத்தவரை அவர் மீலாது மேடைக்கும் இசைத்தட்டுக்கும் உரியவர். அரசியல் மேடையில் அவர் குரல் கேட்டு நின்றவர்களுக்கு அந்த மேடைக்கும் உரியவர். அவரைத் திரைப்படம் கடன் வாங்கிக்கொள்ளலாம். சொந்தமாக்கிக்கொள்ள முடியாது என்பது எங்கள் எண்ணம்.

அத்தா ரேடியோ செட் வாடகைக்கு விடுபவர். ஒரு ஆம்ப்ளிபயர், இரண்டு மைக், நான்கு குழாய்கள், ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள். பின்னாளில் இசைத்தட்டு இருந்த இடத்தில் ஒலிநாடாக்கள். நிக்காஹ் வீட்டிலும், மீலாது விழாவிலும், மாரியம்மன் திருவிழாவிலும், காதணி விழாவிலும் அந்தக் குழாய்களே கட்டப்பட்டன. எங்கள் மாவட்டம் 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை ஒசூர் எல்லை வரைக்கும் எல்லாம் ஒரே தருமபுரிதான். பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டினம் என்று மாட்டு வண்டியிலும் பேருந்தின் மேற்கூரையிலும் குழாய்களை ஏற்றிக்கொண்டு அத்தா போகாத ஊர் இல்லை. கேழ்வரகும் புளியும் மாவும் விளைகிற மேட்டுப்பூமியில் ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும். காற்று திரும்பினால் மூன்று ஊருக்கு அப்பால் நடக்கும் கல்யாணத்தின் பாட்டு நம் வாசலில் கேட்கும். அப்படிக் கேட்கும்போதெல்லாம் தெளிவாக வந்து சேர்கிற குரல் ஒன்றுதான். அது ஹனிபா அவர்களின் குரல்.

ஒலிநாடாவை அத்தா வாங்கி வந்த அன்று கடையில் ஆறு பேர் கூடினோம். பள்ளிவாசல் ஹஜ்ரத், சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் சின்னத்தா மகன், எதிர்வரிசைத் தேநீர்க் கடைக்காரர், கோயில் மேளத்தில் நாதஸ்வரம் வாசிக்கும் அத்தாவின் இளமைக்கால நண்பர், அத்தா, நான். நாதஸ்வரக்காரரை நான் மாமா என்று அழைப்பேன். மேசைமீது இருந்த டேப் ரிக்கார்டரில் ‘உன் மதமா என் மதமா’ என்ற அந்தப் பாட்டு ஓடிற்று. முடிந்ததும் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

தேநீர்க் கடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். “நல்லாத்தான் இருக்கு பாய். ஆனா தேர்தல் சமயத்தில கேட்டா உடம்பு சிலிர்க்குமே, அது இல்ல” என்றார். மாமா கண்ணை மூடிக்கொண்டு, “முரசுக்கு வயசாயிடுச்சு. மேல போற இடத்துல பழைய ஹனிபா இல்ல” என்றார். சின்னத்தா மகன் பாட்டின் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “சினிமாவுக்கு இவர் ஏன் போகணும்? பைத்து பாடின வாயில்லையா?” என்று மட்டும் கேட்டான். நானும் என் பங்குக்கு, வாத்தியங்களுக்கும் குரலுக்கும் பொருத்தம் இல்லை என்று இருபத்து நான்கு வயதுக்குரிய அறிவோடு தீர்ப்பு வழங்கினேன்.

ஹஜ்ரத்தின் மறுப்பு இவை எல்லாவற்றிலும் கனமானது. ஆண்டவன் யாருடைய மதத்தைச் சேர்ந்தவன் என்று வினவி, நல்லவர்களின் பக்கமே அவன் இருக்கிறான் என்ற பொருளில் விடை சொல்கிற பாட்டு அது. “அல்லாஹ்வுக்கு மார்க்கம் மனிதன் கொடுப்பதா? மார்க்கத்தை மனிதனுக்குக் கொடுத்தவன் அல்லவா அவன்? கேள்வியே பிழை. தவ்ஹீதைப் பாடிப் பாடி ஊரெல்லாம் ஈமானை வளர்த்தவர் இந்தக் கேள்வியைப் பாடலாமா?” என்றார். அவர் குரலில் சினத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. அவரும் ஹனிபா அவர்களின் ரசிகர்தாமே!

அத்தா ஒன்றும் சொல்லவில்லை. ஒலிநாடாவைத் திருப்பி உறையில் போட்டு, கடையைப் பூட்டினார்.

மறுநாள் காலையில் ஒரு காரியம் செய்தார். டேப் ரிக்கார்டரை ஆம்ப்ளிபயரில் இணைத்து, பழுது பார்ப்பதற்காக மாடியில் வைத்திருந்த குழாய் ஒன்றில் அதே பாட்டைப் போட்டார். நான் தெருவில் நின்றிருந்தேன். முந்தைய இரவு எங்கே என்று நாங்கள் தேடிய குரல் மாடியிலிருந்து இறங்கி வந்தது. அடித்தொண்டையின் கனமும் பின்னால் ஒலித்த வாத்தியங்களின் நிறைவும் குறைந்து, நடுவே ஓடிய அந்தக் கூரிய நாதம் மட்டும் தனித்து நின்றது. எதிர்க்கடையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

அத்தா விளக்கினார். குழாய்க்குக் கீழ்ச் சுருதி பிடிக்காது. மத்தளத்தின் கும்மென்ற ஒலியை அது விழுங்கிவிடும். மனிதக் குரலின் நடுப்பகுதியைத்தான் அது தூக்கிக் கொடுக்கும். ஹனிபா அவர்களின் குரல் அந்த இடத்திலேயே பிறந்த குரல். வளைவும் குழைவும் அதிகம் இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் நிமிர்த்தி நிறுத்திப் பாடுகிறவர். அதனால்தான் மூன்று ஊர் தாண்டியும் சொல் சிதையாமல் வருகிறது. “நீங்க எல்லாம் நாற்பது வருஷமா ஹனிபாவை மட்டும் கேட்கலைடா. ஹனிபாவையும் குழாயையும் சேர்த்துக் கேட்டீங்க. நேத்து ராத்திரி குழாய் இல்ல. அதைத்தான் வயசாயிடுச்சுன்னு சொன்னீங்க” என்றார்.

முதிய கலைஞரின் புதுப்படைப்பை நாம் எடைபோடும் முறையை இதைவிடத் தெளிவாக எனக்கு எவரும் சொன்னதில்லை. எகிப்தின் உம்மு குல்தூம் அம்மையாரைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது இந்தக் காலைதான் நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ அறுபது வயதில், 1964இல், அவர் முதன்முறையாக முஹம்மது அப்துல் வஹ்ஹாபின் இசையமைப்பில் ‘இன்த உம்ரீ’ பாடினார். மரபின் மணிமுடியாக விளங்கியவரின் பின்னால் மின்சாரக் கிதார் ஒலித்தது. அப்பாடலே பின்னர் அவருடைய புகழ்மிக்க பாடல்களுள் ஒன்றாயிற்று. புதிய வாத்தியம் பழைய குரலை மறைப்பதாகச் செவிக்குத் தோன்றுவது சில நாள்களுக்கு மட்டுமே போலும்.

ஆனால் ஹஜ்ரத்தின் கேள்விக்குக் குழாய் விடை சொல்லாது. அது தொழில்நுட்பம் அன்று, மார்க்கம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் இசை கேட்டலுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார்கள். பாட்டின் பொருள், பாடுபவர், கேட்பவரின் உள்ளம் என்று பலவற்றையும் எடைபோட்டே அவர்கள் ஆராய்கிறார்கள். ஒரே சொல்லில் விலக்குவதும் இல்லை, ஒரே சொல்லில் ஏற்பதும் இல்லை. கேட்பவரின் உள்ளம் எந்த நிலையில் இருக்கிறது என்பது பாட்டின் தன்மையையே மாற்றக்கூடும் என்பதை நாங்கள் விரைவில் உணர நேர்ந்தது.

அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் கோவையில் கலவரம் மூண்டது. முஸ்லிம்கள் பலர் உயிரிழந்தனர். அடுத்து 1998 பிப்ரவரி 14 அன்று அதே நகரில் தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். கோவை எங்கே, தருமபுரி எங்கே! ஆயினும் அச்சத்துக்குத் தொலைவு தெரியாது. எங்கள் தெருவில் எவரும் எவரையும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. பேருந்தில் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டவர்களை மட்டும் பார்த்தேன். நானும் ஒரு முறை அவ்வாறு செய்தேன். இறந்தவர்களுக்காக அழுவதற்கும் இரு தரப்பிலும் கணக்குப் பார்க்கும் காலம் வந்துவிட்டதே என்று அத்தா வருந்தினார்.

சித்திரை நெருங்கியது. பக்கத்து ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு இருபது ஆண்டுகளாக எங்கள் செட்தான். வழக்கமாகப் பங்குனி பாதியிலேயே அச்சாரம் வந்துவிடும். அந்த ஆண்டு வரவில்லை. வேறு இடத்தில் செட் பேசலாம் என்று இளைஞர் சிலர் சொல்வதாகக் காதில் விழுந்தது. அத்தா போய்க் கேட்கவில்லை. குழாய்களை மட்டும் துடைத்து வைத்தார். ஒரு மாலை மாமா வந்து மேசைமேல் அச்சாரப் பணத்தை வைத்தார். “ஊர்ல பேசி முடிச்சாச்சு. நீதான் வரணும்” என்றவர், சற்றுத் தயங்கி, “முதல் பாட்டா அந்த ராமன் அப்துல்லா பாட்டைப் போட்டுடு. எல்லாருக்கும் நல்லது” என்றார்.

அத்தா மறுத்துவிட்டார். “உன் மனசு எனக்குத் தெரியும். ஆனா இன்னைக்கு நான் அதைப் போட்டா அது பாட்டா இருக்காது, மனுவா இருக்கும். என்னை நம்புங்கன்னு இருபது வருஷத்துக்கு அப்புறம் நான் மனுப் போடணுமா?” என்றார். மாமா தலைகுனிந்தார்.

திருவிழாவின் முதல் நாளில் என்றும்போல் எல்.ஆர். ஈஸ்வரி அவர்களின் அம்மன் பாடல்கள் ஒலித்தன. கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர் பாடிய அம்மன் பாட்டை, ஒரு முஸ்லிம் கட்டிய குழாயில் ஊரே கேட்டது. அதில் புதுமை இருப்பதாக அங்கு எவருக்கும் தோன்றவில்லை. தோன்றாமல் இருந்ததே அந்த ஊரின் நலம் என்று இன்று எண்ணுகிறேன்.

மூன்றாம் நாள் விடியலில், கூழ் ஊற்றி முடிந்து கூட்டம் கலைந்தபின், செட்டை அவிழ்க்கத் தொடங்கினோம். திண்ணையில் இருந்த முதியவர் ஒருவர், “பாய், எப்பவும் கடைசியா ஒரு ஹனிபா பாட்டுப் போடுவியே, இந்த வருஷம் மறந்துட்டியா?” என்று கேட்டார். உண்மைதான், ஆண்டுதோறும் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டோடுதான் அத்தா செட்டை அவிழ்ப்பார். அந்த ஆண்டு தாமாகப் போடத் துணிவு வரவில்லை. கேட்கப்பட்டதும் போட்டார். அது முடிந்ததும், ஒருவரும் கேட்காமலே, அந்தப் புதுப்பாட்டையும் போட்டார். பனி விலகாத மேட்டு நிலத்தின்மீது அது பரந்து சென்றது. மாமா நாதஸ்வரத்தை உறையில் இட்டவாறே நின்று கேட்டார். “எனக்குத்தான் காது சரியில்ல. குரல் அப்படியேதான் இருக்கு” என்றார். அத்தா பதில் சொல்லாமல் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

இதை நான் ஹஜ்ரத்திடம் சொன்னேன். அவர் நெடுநேரம் சிந்தித்தார். மனிதர்களுள் இறையச்சம் மிக்கவரே மேன்மையானவர் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் உணர்த்துவதை நினைவூட்டினார். பின், “கேள்வியில் பிழை உண்டு என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் கேட்டவரின் கவலையில் பிழை இல்லை” என்றார். தம் கொள்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தம் முதல் தீர்ப்பின் கடுமையை விட்டுக்கொடுத்தார். அறிஞருக்கு அழகு அதுவே அன்றோ?

2002இல் எங்களுக்கு அண்மையிலுள்ள வாணியம்பாடி இடைத்தேர்தலில் ஹனிபா அவர்கள் வேட்பாளராக நின்று தோற்றார்கள். 2015 ஏப்ரல் 8 அன்று சென்னையில் மறைந்தார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அத்தா அவர்களுக்கு முன்பே போய்விட்டார். குழாய்களின் காலமும் போய்விட்டது. அந்த ஒலிநாடா மட்டும் என்னிடம் இருக்கிறது, ஓட்டிக் கேட்கும் கருவிதான் இல்லை.

இப்போதும் மூத்த கலைஞர் ஒருவரின் புதுப்பாட்டு வெளிவந்தவுடன், பாட்டு முடிவதற்குள் தீர்ப்புகள் வந்து குவிவதைக் காண்கிறேன். என் வீட்டுப் பிள்ளைகளும் அப்படிச் சொல்கிறார்கள். நான் அவர்களைக் கடிந்துகொள்வதில்லை; இருபத்து நான்கு வயதில் நானும் சொன்னவன்தானே! “மறுபடி ஒருமுறை வேறோர் இடத்தில், வேறொரு நாளில் கேட்டுப் பாருங்கள்” என்று மட்டும் சொல்கிறேன். பாட்டைப் பற்றி நாம் முதலில் சொல்வது பெரும்பாலும் நம்மைப் பற்றியதே. மனிதர்களைப் பற்றி முதலில் சொல்வதும் அப்படித்தான்.