பத்து சென்டிமீட்டரில் காணாமல்போன மூன்று மில்லிமீட்டர்

இரவு ஒன்பதரை மணி. செங்கல்பட்டில் ஸ்டேஷனரி கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டன. மறுநாள் காலை கணக்குத் தேர்வு. 'கிராஃப் ஷீட் தீர்ந்துபோச்சு' என்று அப்போதுதான் மகள் சொல்கிறாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் எல்லா வீட்டிலும் ஒருமுறையாவது இது நடந்திருக்கும்.

வரைபடக் கேள்விக்கு முழுதாக 8 மதிப்பெண். வரைந்து பார்க்காமல் தூங்கப் போக அவளுக்கு மனசில்லை. வீட்டில், கொரோனா கால ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய பழைய இங்க்ஜெட் பிரின்டர் இருக்கிறது. "நாமளே அடிச்சுக்கலாம்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் எக்ஸெல். வரிசைக்கும் பத்திக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் சதுரம் வந்துவிடும் என்று நினைத்தாள். வந்ததென்னவோ செவ்வகம். எக்ஸெல்லில் வரிசையின் உயரத்துக்கு ஓர் அலகு, பத்தியின் அகலத்துக்கு வேறு அலகு. அகலத்தை அது எழுத்துகளின் எண்ணிக்கையில் அளக்கிறது. அடுத்து, இணையத்திலிருந்து ஒரு கிராஃப் படத்தை இறக்கி பிரின்ட் கொடுத்தாள். பார்க்க கச்சிதமாக இருந்தது.

அப்பா அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தார். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மாமல்லபுரம் போய், ஒரு சிற்பப் பட்டறையில் கல் செதுக்குகிறவர். அங்கிருக்கும் அரசு சிற்பக்கலைக் கல்லூரியில் சேர ஒரு காலத்தில் ஆசைப்பட்டார். பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டதோடு அது முடிந்துபோனது. அதனால் மகள் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே அவர் அந்தப் பக்கம் வரமாட்டார். அவளும் கேட்டதில்லை.

அன்றைக்குத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தவர், தன் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வைத்தார். பத்துக் கட்டம், 10 செ.மீ. இருக்கவேண்டிய இடத்தில் 9.7 இருந்தது.

"கட்டத்தை எண்ணித்தானேப்பா புள்ளி வைக்கிறோம்? விடை மாறாதே!"

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கியிருந்தால், பரவளையம் x அச்சை வெட்டும் இடம் மாறாது. அவர் கொஞ்சம் யோசித்தார். "சரிதான். சிலையிலயும் அப்படித்தான். உத்தம தசதாளம்னா மொத்த உயரம் 124 பாகம். ஒரு பாகம் ஓர் அங்குலம். சிலை பெருசானா அந்த அங்குலமும் பெருசாகும். ஆனா நீ மூலையில என்ன எழுதியிருக்க? 1 செ.மீ. = 1 அலகுன்னு. இது 1 செ.மீ. இல்லையே? ஆறடிச் சிலை கேட்டவருக்கு இந்தக் கணக்குல கொடுத்தா ரெண்டு அங்குலம் குறையும். வாங்குவாரா?"

மகளிடம் பதிலில்லை.

மூன்று மில்லிமீட்டரைத் தின்றது பிரின்டர்தான். தாளின் ஓரம்வரை அதனால் அச்சடிக்க முடியாது. 'ஃபிட் டு பேஜ்' என்று இருந்தால், ஓரத்துக்கு இடம் விட்டு மொத்தப் படத்தையும் சுருக்கிவிடும். 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவிகிதம் என்று மாற்ற வேண்டும். படக் கோப்பிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 11.81 புள்ளிகள். முழு எண்ணாக இல்லாததால் ஒரு கட்டம் 11, அடுத்தது 12 என்று கோடுகள் தடுமாறும்.

கடைசியில் அவள் இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் கோடுகளாகவே வரைந்தாள். A4 தாளில் 18 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். நெடுக்கே 181 கோடுகள், குறுக்கே 251. மில்லிமீட்டர் கோடு 0.1 மி.மீ. தடிமன், சென்டிமீட்டர் கோடு 0.4. பென்சில் கோடு எடுப்பாகத் தெரிய வெளிர்பச்சை நிறம். பி.டி.எஃப். ஆகச் சேமித்து, 100 சதவிகிதத்தில் அச்சு. ஸ்கேல் வைத்தார். பத்துக்குப் பத்து!

மாமல்லபுரத்தில் கட்டங்களுக்குப் பஞ்சமில்லை. முற்றுப்பெறாத குடைவரைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறை முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளக்கோடு வெட்டி, நடுவில் நிற்கும் சதுரங்களைப் பெயர்த்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறார்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, பல்லவச் சிற்பங்களின் உடல் அளவுகளைப் புள்ளியியலாக ஆராய்ந்தவர். கோலப் புள்ளிகளையும் அவர் விடவில்லை.

அவள் y = x² − 2x − 3 வரைந்து முடிக்கும்போது மணி பதினொன்றரை. கோடு −1-லும் 3-லும் அச்சை வெட்டியது. அருகிலேயே உட்கார்ந்திருந்த அப்பா, "இந்த வளைவு எப்படி வருதுன்னு ஞாயித்துக்கிழமை எனக்குச் சொல்லேன்" என்றார். பிறகு, "வெறும் தாள் நாலு அடிச்சுக் கொடு. ஒரு முகம் பெருசு பண்ண வேண்டியிருக்கு."

"இங்க் தீர்ந்திடும், ரெண்டு போதும்" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.